உறவினர் என்ற உரிமையில் நோயாளியின் கோப்பைத் திறக்கலாமா?

வாசகர் கேள்வி

எனக்கு 36 வயது. பைபோலார் எனப்படும் இருதுருவ மனநிலைக் கோளாறுக்காகச் சில ஆண்டுகளாக லித்தியம் மாத்திரை எடுத்துவருகிறேன். உடல்நிலை சீராக இருக்கிறது, வேலைக்கும் ஒழுங்காகப் போகிறேன். குடும்பத்தில் இது என் கணவருக்கு மட்டுமே தெரியும். நான் வழக்கமாக ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளும் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் என் கணவரின் சித்தப்பா மகள் அண்மையில் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த பரிசோதனை முடிந்த சில நாட்களில் என் நோய் மாமியாருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு குடும்ப வாட்ஸ்அப் குழுவில், பெயர் சொல்லாமல், ஆனால் என்னைத்தான் என்று எல்லோருக்கும் புரியும்படி ஒரு செய்தியும் வந்தது. கேட்டதற்கு, "அக்கறையில்தான் சொன்னேன் அண்ணி, நாம் என்ன அந்நியரா?" என்றார். புகார் கொடுத்தால் அவருடைய வேலை போய்விடுமோ என்று என் கணவர் தயங்குகிறார். இதற்கிடையில், போன மாதம் எடுத்த விடுப்புக்கு நோயின் பெயருடன் சான்றிதழ் வேண்டும் என்று அலுவலகத்தின் மனிதவளப் பிரிவு கேட்கிறது. உறவினர் செய்தது தவறா? அலுவலகத்துக்கு நோயின் பெயரைச் சொல்லத்தான் வேண்டுமா? என் பதிவுகளை அழித்துவிடும்படி மருத்துவமனையிடம் கேட்கலாமா? இனி மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொல்லப்போவதில்லை என்றும், அடுத்த பரிசோதனையை வேறோர் இடத்தில் வேறு பெயரில் செய்துகொள்வது என்றும் முடிவு செய்திருக்கிறேன்.

மருத்துவரின் பதில்

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு முன்பாக, கேள்வியாகக் கேட்காமல் முடிவாகவே எழுதிவிட்ட கடைசி வரிக்குப் பதில் சொல்ல விரும்புகிறேன். நோயாளியின் ரகசியம் வெளியே போவதால் ஏற்படும் அவமானத்தையும் மனவேதனையையும் பற்றி எல்லோரும் பேசுகிறோம். ஆனால் ஒரு மருத்துவராக என்னை அதைவிட அஞ்சவைப்பது, ஒருமுறை காயப்பட்ட நோயாளி அடுத்த முறை வாயை மூடிக்கொள்வதுதான். லித்தியம் அப்படி மறைத்து எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்தன்று. குணமளிக்கும் அளவுக்கும் நச்சாக மாறும் அளவுக்கும் இடையிலான இடைவெளி அதில் மிகக் குறுகியது. வலிக்காகப் பலரும் சர்வசாதாரணமாக விழுங்கும் இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளும், ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில மருந்துகளும், கடுமையான வயிற்றுப்போக்கால் உடலில் நீர் வற்றுவதும்கூட ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும். பல்வலிக்குப் பார்க்கும் மருத்துவருக்கும், அறுவைசிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பவருக்கும் நீங்கள் லித்தியம் எடுப்பது தெரிந்தே ஆக வேண்டும். தவிர, அது தைராய்டையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது என்பதால், இந்த முறை வந்த எண்ணைச் சென்ற முறை வந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் பரிசோதனையின் பயனே இருக்கிறது. வேறு பெயரில் எடுக்கப்படும் பரிசோதனை உங்கள் வரலாற்றிலிருந்து துண்டிக்கப்பட்டுவிடும். நாளை காப்பீட்டிலும் அது சிக்கலாகும். தவறு செய்தவர் வேறொருவராக இருக்க, அதற்கான விலையை உங்கள் உடல் கொடுக்க வேண்டாம். பரிசோதனைக்கு வேறு ஆய்வுக்கூடத்துக்குப் போவது உங்கள் விருப்பம். ஆனால் சொந்தப் பெயரிலேயே போங்கள், முடிவுகளை உங்கள் மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள்.

இனி, உறவினர் செய்தது தவறா என்ற கேள்வி. நீங்கள் எழுதியிருப்பது அப்படியே நடந்திருந்தால், சந்தேகத்துக்கு இடமில்லாமல் தவறுதான். ஆனால் அவர் செய்தது ஒரு செயலா, இரண்டு செயல்களா என்பதை நாம் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் அடுத்த நடவடிக்கை அதைப் பொறுத்தே அமையும். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவரின் கைக்கு உங்கள் ரத்த மாதிரியும், அதனுடன் 'லித்தியம் அளவு' என்று எழுதிய படிவமும் வருவது இயல்பு. அந்த மருந்து எதற்குத் தரப்படுகிறது என்பது அத்துறையில் இருப்பவருக்குத் தெரிந்திருப்பதிலும் வியப்பில்லை. எனவே அவர் அதைப் பார்த்ததில் குற்றமில்லை. பார்த்ததை வீட்டில் சொன்னது குற்றம். அதோடு நிற்காமல், படிவத்தைப் பார்த்த ஆர்வத்தில் கணினியில் உங்கள் பெயரைத் தேடி, மனநல மருத்துவர் எழுதிய குறிப்புகளையும் திறந்து படித்திருந்தால், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருந்தாலும்கூட, அது தனியானதும் இன்னும் பெரியதுமான மீறலாகும். ஓர் ஊழியருக்குக் கோப்பைத் திறக்கும் கடவுச்சொல் தரப்பட்டிருப்பது அவருடைய வேலைக்குத் தேவையான பகுதியைப் பார்ப்பதற்காக மட்டுமே.

"நாம் என்ன அந்நியரா?" என்று அவர் கேட்டதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மருத்துவ ரகசியத்தைப் பொறுத்தவரை, பல நேரங்களில் அந்நியரால் வரும் ஆபத்து குறைவு. உங்களை அறியாத ஒருவர் உங்கள் கோப்பைப் படித்தால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார். உங்கள் திருமணம், குழந்தை வளர்ப்பு, சொத்து, சமையலறைப் பேச்சு என எல்லாவற்றிலும் ஒரு பங்கு இருப்பவர் படிக்கும்போதுதான் அந்தத் தகவலுக்கு வேறு பொருளும் வேறு பயன்பாடும் வந்துவிடுகின்றன. இனி நீங்கள் குரலை உயர்த்தினால் 'மாத்திரை போடவில்லையோ' என்று பார்ப்பார்கள், பேசாமல் இருந்தாலும் அதையே நினைப்பார்கள். அக்கறை உண்மையானதாகவே இருக்கட்டும். அக்கறை காட்ட யாருடைய அனுமதியும் வேண்டாம், ஆனால் ஒருவரின் நோயை இன்னொருவருக்குச் சொல்ல அந்த நோயாளியின் அனுமதி வேண்டும். உண்மையான அக்கறை இருந்தவர் செய்திருக்கக்கூடியது மிக எளியது: "இவர் என் உறவினர், இந்த மாதிரியை வேறு யாராவது கவனியுங்கள்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் ஒப்படைத்துவிட்டு, அதன்பின் அதைப் பற்றி வாயே திறக்காமல் இருந்திருக்கலாம்.

இது ஏதோ நவீனச் சட்டங்கள் புதிதாகக் கொண்டுவந்த கட்டுப்பாடு என்று சிலர் நினைக்கிறார்கள். சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முந்தைய ஹிப்போகிரட்டிக் உறுதிமொழியிலேயே, சிகிச்சையின்போது மட்டுமன்றி அதற்கு வெளியே கண்டதையும் கேட்டதையும்கூட, பரப்பக்கூடாதவை என்றால், தன்னுள்ளேயே வைத்துக்கொள்வேன் என்று மருத்துவர் உறுதி கூறுகிறார். 1948-இல் உலக மருத்துவச் சங்கம் ஏற்ற ஜெனீவா பிரகடனத்தின் இன்றைய வடிவம், நோயாளி இறந்த பின்னும் அவருடைய ரகசியத்தைக் காக்க வேண்டும் என்கிறது. மாறியிருப்பது ஒன்றுதான்: அன்று அந்த ரகசியம் ஒரு மருத்துவரின் மனத்தில் இருந்தது, இன்று அது வரவேற்பு மேசை, ஆய்வுக்கூடம், மருந்தகம், கட்டணப் பிரிவு, காப்பீட்டு நிறுவனம், மென்பொருளைப் பராமரிப்பவர் என்று பல கைகளில் இருக்கிறது. கடமையும் அத்தனை பேருக்கும் சேர்ந்தே வருகிறது. 'நான் மருத்துவர் இல்லையே' என்று உங்கள் உறவினர் சொல்ல முடியாது.

நடந்ததை எப்படி நிரூபிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் வழக்கின் உயிர்நாடி அதுதான். இதே போன்ற நிலையில் ஃபின்லாந்தில் ஒரு செவிலியர் இருந்தார். தாம் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே எச்.ஐ.வி. தொற்றுக்குச் சிகிச்சை பெற்றுவந்த அவருக்கு, 1992-இன் தொடக்கத்தில், சக ஊழியர்கள் தம் கோப்பைப் படித்துவிட்டார்கள் என்ற சந்தேகம் வந்தது. யார் படித்தார்கள் என்று அவரால் காட்ட முடியவில்லை. அந்த மருத்துவமனையின் பதிவேடு கடைசி ஐந்து முறை கோப்பு திறக்கப்பட்டதை மட்டுமே காட்டியது. அதையும் எந்தப் பிரிவு திறந்தது என்று காட்டியதே தவிர, எந்த ஆள் என்று காட்டவில்லை. உள்நாட்டு நீதிமன்றங்களில் ஆதாரம் இல்லை என்று அவர் தோற்றார். ஆனால் 2008-இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கோப்பைத் திறந்தவர் யார் என்று கண்டறிய முடியாதபடி ஒரு பதிவேட்டை வைத்திருந்ததே அரசின் தவறு, பிறகு இழப்பீடு கேட்க வழி உண்டு என்று சொல்வது போதாது, முதலிலேயே உரிமையற்றவர் கோப்பைத் திறக்க முடியாதபடி நடைமுறையில் பாதுகாப்பு இருந்திருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நோயாளிகள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு இது என்று நான் கருதுகிறேன். நிரூபிக்கும் சுமையை நோயாளியின் தலையிலேயே போட்டுவிட்டு நிறுவனம் கையைக் கழுவிக்கொள்ள முடியாது என்பதை அது தெளிவாக்கியது.

இன்றைய மருத்துவமனை மென்பொருள்கள் பெரும்பாலும், எந்தக் கணக்கிலிருந்து எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திறக்கப்பட்டது என்பதைத் தாமாகவே குறித்துவைக்கின்றன. ஆகவே மருத்துவமனைக்கு நீங்கள் எழுதும் கடிதத்தின் நடுநாயகமான வேண்டுகோள் இதுவாக இருக்கட்டும்: குறிப்பிட்ட தேதிகளுக்கு இடையில் என் கோப்பு திறக்கப்பட்ட விவரங்களைச் சரிபார்த்து, எந்தப் பிரிவிலிருந்து, எப்போது, எந்தப் பணிக்காகத் திறக்கப்பட்டது என்று எழுத்தில் தெரிவியுங்கள், விசாரணை முடியும்வரை அந்தப் பதிவுகளை அழிக்காமல் வைத்திருங்கள். சில நாடுகளில் ஊழியரின் பெயரை உங்களுக்குத் தர மறுப்பார்கள்; பரவாயில்லை, அவர்கள் பார்த்துச் செயல்பட்டால் போதும். கடிதம் மருத்துவக் கண்காணிப்பாளருக்கோ, தகவல் பாதுகாப்புக்கென்று அலுவலர் இருந்தால் அவருக்கோ போக வேண்டும். நடந்தவற்றைத் தேதிவாரியாக எழுதுங்கள், குடும்ப வரலாற்றை எழுதாதீர்கள். மாமியாருடன் ஏற்கெனவே இருந்த மனத்தாங்கல் ஒரு வரி உள்ளே நுழைந்தாலும், படிப்பவர் இதைக் குடும்பச் சண்டை என்று ஒதுக்கிவைத்துவிடுவார்.

நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று குறிப்பிடவில்லை. அதனால் சட்டத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அமெரிக்காவில், மருத்துவத் தகவலின் ரகசியத்தைக் காக்கும் 1996-இன் ஹிப்பா சட்டத்தின் கீழ், மீறல் தெரியவந்ததிலிருந்து 180 நாட்களுக்குள் கூட்டாட்சி அரசின் சுகாதாரத் துறையிடம் புகார் தரலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகள், உடல்நலத் தகவலைத் தனிப் பாதுகாப்புக்குரிய வகையில் வைத்திருக்கின்றன. அங்கு ஒவ்வொரு நாட்டிலும் அதற்கென மேற்பார்வை அமைப்பு உண்டு. இந்தியாவில் 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, மனநோய் உள்ளவரின் மனநலச் சிகிச்சை மட்டுமன்றி உடல்நலச் சிகிச்சை பற்றிய தகவலும் ரகசியமாகக் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. 2002-இன் மருத்துவ நெறிமுறை விதிகள் நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும் என்கின்றன. எங்கிருந்தாலும், முதல் படி மருத்துவமனைக்கு எழுதுவதுதான். மேல்முறையீட்டு அமைப்புகள் நீங்கள் அங்கே எழுதினீர்களா என்றுதான் முதலில் கேட்கும்.

உங்கள் கணவரின் தயக்கம் எனக்குப் புரிகிறது, அதை நான் சிறுமையாக நினைக்கவில்லை. அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: என்ன நடவடிக்கை என்பதை முடிவு செய்வது மருத்துவமனையே, எச்சரிக்கை, பயிற்சி, இடமாற்றம், பணிநீக்கம் என்று அதற்குப் பல படிகள் உள்ளன, தவறின் அளவைப் பொறுத்தே படி அமையும். பரிசோதனைப் படிவத்தைப் பார்த்ததை மட்டும் வீட்டில் உளறியிருந்தால், அவரை நேரில் உட்காரவைத்துப் பேசி, மருத்துவமனையிடம் உங்கள் கோப்புக்குக் கூடுதல் பூட்டு மட்டும் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து. மனநல மருத்துவரின் குறிப்புகளைத் திறந்திருந்தால் அது குடும்பத்துக்குள் பேசித் தீர்க்கும் விஷயமாக இல்லாமல் போய்விடுகிறது; உங்கள் கோப்பைத் திறந்த கை நாளை இன்னொரு பெண்ணின் கோப்பையும் திறக்கும், அந்தப் பெண்ணுக்கு இது தெரியவரும் வாய்ப்புகூட இருக்காது.

வாட்ஸ்அப் செய்தியைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் யாருக்கும் அனுப்பாதீர்கள். நியாயம் கேட்பதற்காக நீங்களே அனுப்பும் ஒவ்வொரு முறையும் செய்தி இன்னும் ஒருவரைப் போய்ச் சேர்கிறது. குழுவிலேயே பதில் எழுதுவதையும் தவிருங்கள். மறுக்கவோ விளக்கவோ தொடங்கினால் உங்கள் நோய் அங்கே விவாதப் பொருளாகிவிடும்.

அலுவலகத்தைப் பற்றிய கேள்விக்குப் பதில் பெரும்பாலும் 'சொல்ல வேண்டியதில்லை' என்பதே. விடுப்பை ஏற்றுக்கொள்ள நிர்வாகத்துக்குத் தெரிய வேண்டியவை, மருத்துவக் காரணத்தால் எந்த நாள் முதல் எந்த நாள் வரை வேலைக்கு வர இயலவில்லை, இப்போது வேலைக்குத் தகுதியாக இருக்கிறீர்களா, ஏதேனும் சலுகை தேவையா என்பவை மட்டும்தான். விமானம் ஓட்டுவது போன்ற, பிறர் உயிர் சார்ந்த சில பணிகளில் கூடுதல் மருத்துவ விவரம் கேட்கச் சட்டமே இடமளிக்கும். அப்போதும் அது நிறுவனத்தின் மருத்துவ அலுவலரிடம் போக வேண்டுமே தவிர மனிதவளப் பிரிவின் மேசைக்குப் போகக்கூடாது. நோயின் பெயரை எந்த விதியின் கீழ் கேட்கிறீர்கள் என்று பணிவாக மின்னஞ்சலில் கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் பழக்கத்தின் பேரில் கேட்பவர்கள் அத்துடன் விட்டுவிடுவார்கள். இன்னொன்று, பலர் கவனிக்கத் தவறுவது: நோயின் பெயரே எழுதாத சான்றிதழிலும் மேலே 'மனநலப் பிரிவு' என்று அச்சிட்டிருந்தால் மறைத்ததில் பயனில்லை. மருத்துவமனையின் பொதுத் தாளில், துறையின் பெயர் இல்லாத முத்திரையுடன் சான்றிதழ் கேளுங்கள். மருத்துவர்கள் இதைப் பெரும்பாலும் தயங்காமல் செய்து தருவார்கள். அலுவலகக் காப்பீட்டில் பணம் கோருவதானால் நோயின் பெயரை எழுதித்தான் ஆக வேண்டும், அங்கே மறைத்தால் கோரிக்கையே நிராகரிக்கப்படலாம். ஆனால் அந்தப் படிவத்தை அலுவலகம் வழியாக அனுப்பாமல் காப்பீட்டு நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்ப வழியுண்டா என்று விசாரியுங்கள்.

பதிவுகளை அழிக்கச் சொல்வது பற்றி: பொதுவாக அழிக்க மாட்டார்கள். சிகிச்சைப் பதிவுகளைக் குறிப்பிட்ட காலம் வைத்திருக்கும் கடமை மருத்துவமனைக்கு உண்டு, அது உங்கள் பாதுகாப்புக்கும்தான். இப்போதைய புகாரில் உங்களுக்கு ஆதாரமே அந்தப் பதிவுகள்தாம். தவறான தகவல் இருந்தால் திருத்தக் கேட்கலாம். நீங்கள் கேட்க வேண்டியது, கோப்பைப் பார்க்கக்கூடியவர்களைக் குறைப்பது. மனநலக் குறிப்புகளைச் சிகிச்சையளிக்கும் குழு மட்டும் பார்க்கும்படியும், அவசரத்தில் வேறொருவர் திறந்தால் காரணத்தைப் பதிய வேண்டிவரும்படியும் அமைக்கும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. குறிப்பிட்ட ஊழியர் ஒருவர் உங்கள் உறவினர், உங்கள் மாதிரிகள் அவர் கைக்குப் போகக்கூடாது என்றும் எழுதிக் கொடுக்கலாம்.

ரகசியத்துக்கு எல்லையே இல்லை என்று சொல்லி உங்களை அனுப்பிவிட்டால் அது நேர்மையாகாது. அறிவிக்கப்பட வேண்டிய தொற்றுநோய்கள் அரசுக்குத் தெரிவிக்கப்படும்; நீதிமன்றம் உத்தரவிட்டால் மருத்துவர் பேச வேண்டிவரும்; குறிப்பிட்ட ஒருவரின் உயிருக்கு உறுதியான ஆபத்து தெரிந்தால் மௌனம் முறியும். ஒரு நபரைக் கொல்லப்போவதாகத் தம் நோயாளி சொன்னதைக் கேட்ட மனநல நிபுணருக்கு, ஆபத்துக்குள்ளானவரைக் காக்கும் கடமையும் உண்டு என்று 1976-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. உங்களுக்கே உயிராபத்து வரும் நிலையிலும் மருத்துவர் வீட்டாரை அழைக்கக்கூடும். இவை எதிலும், தேவையானவரிடம் தேவையான அளவு மட்டுமே சொல்லலாம். மாமியார் தெரிந்துகொள்ள விரும்பினார் என்பது இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை.

கடைசியாக, உங்கள் மனநல மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். அவருக்கு இது தெரியாமலேயே இருக்கலாம், மருத்துவமனைக்குள் உங்களுக்காகப் பேசக்கூடியவரும் அவரே. என்னைப் பற்றி யாரிடம் என்ன சொல்லலாம் என்பதைக் கோப்பிலேயே எழுதிவையுங்கள் என்று அவரிடம் கேளுங்கள்: நெருக்கடியில் என் கணவருக்குச் சொல்லலாம், மற்ற உறவினர் தொலைபேசியில் கேட்டால் நான் இங்கே சிகிச்சை பெறுகிறேன் என்பதைக்கூட உறுதிப்படுத்தக் கூடாது என்பதுபோல. இந்த மன உளைச்சலில் உறக்கம் குறைந்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள், உங்கள் நோயில் உறக்கக் குறைவு ஒரு முன்னறிகுறியாக இருக்கக்கூடும். புகாருக்குப் பதில் வரும்வரை லித்தியம் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். வேறு ஆய்வுக்கூடத்துக்குப் போனாலும், கடைசி மாத்திரை எடுத்து 12 மணி நேரம் கழித்தே ரத்தம் கொடுங்கள், முந்தைய முடிவுகளின் நகலையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.